புதுப்பிப்பு: வேலைக்குப் போகும் பைலட்டுக்கு சீட் உறுதியா?

அமெரிக்காவில் ஓர் ஊரில் குடியிருந்துகொண்டு, வேறு ஊரில் இருக்கும் பேஸுக்கு (பணி தொடங்கும் விமான நிலையம்) விமானத்திலேயே வேலைக்குப் போகும் பைலட்கள், கேபின் க்ரூ பற்றி முன்பு எழுதியிருந்தேன். “சொந்தக் கம்பெனி ஃபிளைட்தானே, சீட் தர மாட்டாங்களா?” என்று பலர் கேட்டீர்கள்.

பெரும்பாலும் ஸ்டாண்ட்பைதான். டிக்கெட் வாங்கியவர்கள் ஏறிய பிறகு, இடம் மிஞ்சினால் கேட்டில் பெயரைக் கூப்பிடுவார்கள். பைலட் என்றால் காக்பிட் ஜம்ப்சீட்டைக் கேட்டுப் பார்க்கலாம். மடக்கி விரிக்கிற, முதுகு ஒடிக்கிற சீட் அது. ‘பாசிட்டிவ் ஸ்பேஸ்’ என்கிற உறுதி சீட் சில ரீஜனல் (சிறு ஊர்களுக்குப் பறக்கும்) கம்பெனிகளின் ஒப்பந்தங்களில் உண்டு. சில சரக்கு விமானக் கம்பெனிகள் வீட்டுக்கு அருகில் உள்ள ஏர்போர்ட்டிலிருந்தே டிக்கெட் போட்டுத் தருகின்றன. பெரிய கம்பெனிகள் உறுதி சீட் தரத் தயங்குவது காசுக்காகத்தான், வேறென்ன. பண்டிகை சீசனில் ஒவ்வொரு சீட்டும் விற்றுவிடும்.

“இப்படி அலைந்து வந்தால் களைப்பில் ஓட்டுவது ஆபத்தில்லையா?” என்று கேட்டவருக்கு: 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் ஏர் என்ற ரீஜனல் கம்பெனியின் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் துணை விமானி முந்தைய இரவு சியாட்டிலில் கிளம்பி, மெம்பிஸில் மாறி, சரக்கு விமானங்களில் தன் பேஸான நூவர்க் வந்தவர். அதன் பிறகு 2014-இல் பயணிகள் விமானப் பைலட்களுக்குப் புது ஓய்வு விதிகள் அமலுக்கு வந்தன. ஆனால் வீட்டிலிருந்து பேஸுக்கு வரும் நேரம் இன்றும் பணிநேரக் கணக்கில் வராது.