6 சேனல் கிளாஸ் டி ஆம்ப்பில் விசில் சத்தம், அவசரம்

ஆறுசேனல்: கிளாஸ் டி (அவுட்புட்டை வேகமா ஆன்-ஆஃப் பண்ணி ஓடுற வகை) ஆம்ப் போர்டு, ஒண்ணுக்கு ரெண்டு சேனல், மூணையும் ஒரே பெட்டியில் மாட்டினேன். எல்லா ஸ்பீக்கரிலும் மெல்லிசா விசில். ஒரு போர்டு மட்டும் ஓடினா சத்தமே இல்லை. என்ன பண்ணலாம்?

ஓம்விதி: எந்த ஆம்ப் ஐசி (சிப்)? எத்தனை வோல்ட்? இன்புட்டை ஷார்ட் பண்ணினா விசில் நிக்குதா?

காயில்சுற்றி: கிரவுண்ட் லூப்தான், கிரவுண்ட் ஒயர்கள் வளையமாகி இரைச்சலை இழுக்குது. எல்லா கிரவுண்டையும் ஒரே புள்ளிக்குக் கொண்டு வாங்க.

பழையகை: லூப்னா பெரும்பாலும் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் உறுமல்தான் வரும், விசில் இல்லை. டேட்டாஷீட்டை (ஐசி தயாரிப்பாளரின் விவரக் குறிப்பை) பார்க்காம போர்டு மாட்டுறவங்களுக்கு இதையே எத்தனை தடவை சொல்றது?

ஆறுசேனல்: டிபிஏ3116டி2, 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (சுவிட்சிங் பவர் சப்ளை), 8 ஓம் ஸ்பீக்கர். ஷார்ட் பண்ணியும் இருக்கு. சூடேற ஏற சுருதி மாறுது.

காயில்சுற்றி: அப்ப எஸ்எம்பிஎஸ்தான். டிஜிட்டல் ஆம்ப்னாலே இந்தத் தொல்லை.

பழையகை: டி என்பது டிஜிட்டல் இல்லை, சி-க்கு அடுத்த எழுத்து. பல்ஸின் அகலம் தொடர்ச்சியா மாறுது, அது அனலாக்.

காயில்சுற்றி: கிளாக் இருக்கே?

பழையகை: கிளாக் இருந்தா டிஜிட்டல் ஆயிடுமா? சிக்னலை எண்களா மாத்தினாத்தான் டிஜிட்டல்.

ஓம்விதி: அதை அப்புறம் பேசலாம். சுருதி மாறுதுன்னு சொன்னாரே, அதுதான் துப்பு. மூணு ஐசிக்கும் தனித்தனி ஆசிலேட்டர் (கிளாக்கை உண்டாக்குற சுற்று). ஒண்ணு 400, இன்னொண்ணு 403 கிலோஹெர்ட்ஸில் ஓடினா, வித்தியாசமான 3 கிலோஹெர்ட்ஸ் காதில் விழும். ஒரு போர்டை மாஸ்டரா (கிளாக் கொடுக்குறது) வெச்சு, மத்த ரெண்டை ஸ்லேவ் (அந்த கிளாக்கிலேயே ஓடுறது) ஆக்குங்க. 26 டெசிபல் கெயினுக்கு (பெருக்கத்துக்கு), கெயின்/ஸ்லேவ் பின்னிலிருந்து மாஸ்டரில் கிரவுண்டுக்கு 20கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர், ஜிவிடிடி-க்கு (ஐசியே கொடுக்குற சப்ளை பின்) 100கே. ஸ்லேவில் கிரவுண்டுக்கு 75கே, ஜிவிடிடி-க்கு 47கே. பிறகு கிளாக் போய் வர்ற மூணு சிங்க் பின்னையும் குட்டை ஒயரால் சேருங்க. ரெசிஸ்டரை மாத்தாம ஒயரை மட்டும் சேர்த்தா மூணும் மாஸ்டராவே இருந்து, அவற்றின் கிளாக் அவுட்புட்டுகள் ஒண்ணோட ஒண்ணு மோதும். இந்த அமைப்பை ஐசி பவர் ஏறும்போதுதான் படிக்கும், அதனால ஆஃப் பண்ணிட்டு மாத்துங்க. ஸ்பீக்கர் மைனஸ்களை ஒண்ணா சேர்த்திருந்தா உடனே பிரிங்க, அவுட்புட் பிரிட்ஜ், அதாவது மைனஸ் முனையும் சிக்னல்தான், கிரவுண்ட் இல்லை.

ஆறுசேனல்: மைனஸ் தனித்தனிதான். ஒரு ஸ்லேவ் சரியாச்சு. மூணாவது போர்டில் விசில் போகலை, சத்தமும் ரொம்ப அதிகம்.

ஓம்விதி: ஆஃப் பண்ணுங்க. 75கே, 47கே இடம் மாறியிருக்கும். கிரவுண்டுக்கு 47கே, ஜிவிடிடி-க்கு 75கே வெச்சா அது 36 டெசிபல் மாஸ்டர்.

ஆறுசேனல்: ஆமா, மாறித்தான் இருந்தது. சரி பண்ணிட்டேன், இப்ப விசில் இல்லை. நன்றி.