புதுப்பிப்பு: ஓட்ஸ் பார் இந்த முறை உதிரவில்லை

போன வாரம் பிள்ளைகளோடு செய்த கிரனோலா பார் கத்தி வைத்ததுமே பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தேன் இல்லையா, காரணம் வெல்லப்பாகுதான், பதம் வருவதற்குள் இறக்கியிருக்கிறேன். நேற்று ஒரு கப் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டிக் காய்ச்சி, ஒவ்வொரு சொட்டாகக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். உருட்டிப் பார்க்கிற வேலை சின்னவளுக்கு. மூன்றாவது சொட்டு விரலுக்குள் மெத்தென்று உருண்டதும் "அம்மா, நிக்குது!" என்று கத்தினாள். அடுப்புப் பக்கம் மட்டும் அவர்களை விடவில்லை, பாகு பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வறுத்த ஓட்ஸ் இரண்டு கப், ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை ஒரு கப், கொஞ்சம் எள் சேர்த்துக் கிளறி, நெய் தடவிய தட்டில் கிண்ணத்தின் அடியால் இறுக்கி அழுத்தி, சூடு ஆறுவதற்குள் துண்டு போட்டோம். முழுசாக வந்தது! வெல்லமும் சர்க்கரைதான் என்பதால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான் தருகிறேன்.