மறு: ‘ரியல்-வேர்ல்ட் எவிடென்ஸ்’ – புழக்கச் சான்று?

> ‘மெய்யுலகச் சான்று’ என்றே வைத்துவிடலாமே. கேட்டதும் புரிகிறது.

வணக்கம் ஐயா,

புரிகிறது, சரி. மருந்துப் பரிசோதனைக்கு வெளியே, அன்றாடச் சிகிச்சையில் திரளும் தரவிலிருந்து கிடைக்கும் சான்றுக்குத்தான் சொல் தேடுகிறோம். ஆனால் அப்போது மருந்துப் பரிசோதனையில் கிடைத்தது பொய்யுலகச் சான்றா? அங்கே மருந்து சாப்பிட்டவர்களும் நிஜ நோயாளிகள்தானே. யாரைச் சேர்ப்பது, எவ்வளவு கொடுப்பது, எப்போது ஸ்கேன் என்பதையெல்லாம் முன்பே வகுத்துவிடுகிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

ஜிஸ்ட் என்ற அரிய இரைப்பை-குடல் கட்டியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் கிட் மரபணுவின் பிறழ்வால் வருவது என்று 1998இல் தெரிந்தது. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு இந்நோய்க்கென அமெரிக்காவில் 2002இல் அனுமதி கிடைத்தது. வழக்கமான அளவு நாளுக்கு 400 மில்லிகிராம். புழக்கத்துக்கு வந்தபின் பார்த்தால், கண்ணைச் சுற்றி வீக்கம், குமட்டல் என்று ஒருவருக்கு 300 ஆகக் குறைத்திருப்பார்கள். இன்னொருவர் சிறுநீரகம் பழுதான முதியவர். பரிசோதனையில் சேர்த்திருக்கவே மாட்டார்கள். மூன்றாமவருக்கு எந்த இடத்தில் பிறழ்வு என்று பார்த்திருக்கவே மாட்டார்கள். கிட் மரபணுவின் எக்சான் 9 என்ற பகுதியில் என்றால் 800 வரை ஏற்றுவதுண்டு. பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற இன்னொரு மரபணுவில் டி842வி என்ற பிறழ்வு என்றால் இமாட்டினிப் அநேகமாக வேலை செய்யாது. எல்லோரும் ஒரே நோயாளிப் பதிவேட்டில்! அரிய நோய்க்குப் பெரிய பரிசோதனை நடத்த ஆள் கிடைப்பது கடினம், ஆகவே இந்தப் பதிவேடுகள் தேவைதான்.

அதற்காக ‘மெய்’ என்று தலையில் வைத்துக் கொண்டாட வேண்டாம். ஸ்கேன் தள்ளிப்போனால் கட்டி வளர்ந்ததும் தாமதமாகத்தான் தெரியும்; மருந்து கூடுதல் காலம் வேலை செய்ததுபோல் கணக்கில் ஏறிவிடும். அடுத்த மருந்தான சுனிட்டினிப்வரை வந்தவர்களை மட்டும் எண்ணினால், அதற்குள் இறந்தவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

அதனால்தான் ‘புழக்கச் சான்று’ என்கிறேன். புழக்கத் தரவு, புழக்க ஆய்வு என்று கிளைக்கவும் செய்யும். ‘நடைமுறைச் சான்று’ மோசமில்லை, ஆனால் செயல்முறை என்றும் படிப்பார்கள். கொஞ்சம் சுற்றறிக்கை வாடையும் அடிக்கிறது. ‘வழக்குச் சான்று’ நேராக நீதிமன்றத்துக்குப் போய்விடும். இமாட்டினிப் போல் குறிப்பிட்ட புரதத்தைக் குறிவைக்கும் ‘டார்கெட்டட் தெரபி’க்கு ‘இலக்குசார் சிகிச்சை’ பரவிவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

---

> புழக்கச் சான்று

நல்ல சொல். ஒரே சந்தேகம்: ‘புழக்கத்தில் இருக்கும் சான்று’ என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

---

எடுத்துக்கொள்ளலாம்தான். கட்டுரையில் முதல்முறை வரும்போது ‘மருந்துப் புழக்கச் சான்று’ என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்வோம். அகராதியிலும் முழு வடிவத்தையே தலைச்சொல்லாகப் போடலாம்.