வெள்ளச்சி ஈன்ற செவலைக் குட்டி

எங்கள் தோட்டம் காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் இருக்கிறது. கிளுவை வேலி சூழ்ந்த கொரங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல், இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரங்கள். மாடுகளுக்கென்று அப்பாரு (என் தாத்தா) காத்து வைத்த நிலம் அது. அங்கே இப்போது இரண்டு பெட்டைக் குதிரைகளும் மேய்கின்றன. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தையில் அப்பா வாங்கி வந்தவை. வெள்ளையாக இருப்பவள் வெள்ளச்சி, சிவந்தவள் பவளம். மூன்று வார இடைவெளியில் இருவரும் குட்டி போட்டார்கள்.

குதிரைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். மாட்டுக் கணக்கையே பார்த்துப் பழகிய எங்களுக்குக் கடைசி இரண்டு மாதம் நகரவே இல்லை. காம்பு நுனியில் மெழுகு போலப் பால் உறைந்து நின்றதைப் பார்த்ததும் கட்டுத்தரையிலேயே பாய் விரித்துவிட்டேன். மூன்று இரவு ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் இரவு மும்முனை மின்சாரம் வந்துவிட்டதென்று மோட்டார் போடக் கிணற்றடிக்குப் போனேன். அரை மணி நேரம்தான் இருக்கும். திரும்பி வந்தபோது வெள்ளச்சி குட்டியை நக்கிக்கொண்டிருந்தாள். பெரும்பாலான குதிரைகள் இரவில், ஆள் அரவம் அடங்கிய பிறகே ஈனும் என்று கால்நடை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

முதலில் கண்ணில் பட்டவை குளம்புகள். அடியில் ஊறிய காளானைப் போல மெத்தென்று நார்நாராகத் தொங்கின. ஊனமோ என்று பதறிப்போனேன். தாயின் கருப்பையைக் குளம்பு கிழித்துவிடாமல் காக்கும் உறை அது. குட்டி நடக்க நடக்கத் தானே தேய்ந்து போய்விட்டது.

நான்கு முறை எழ முயன்று விழுந்தது. ஐந்தாம் முறை நின்றபோது பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மடியைத் தேடித் தாயின் முன்னங்கால்களுக்கு நடுவே முட்டியது, பிறகு சுவரை முட்டியது. அப்பா பிடித்துக் காட்டப் போனார். அப்பாரு தடுத்துவிட்டார். "கையை வைக்காதே. அவளே காட்டுவாள்." வெள்ளச்சி உடம்பைச் சற்றே திருப்பி, மூக்கால் குட்டியின் பின்புறத்தை மெல்லத் தள்ளினாள். அப்புறம் வாய் காம்பைப் பிடிக்கும் சத்தம் கேட்டது. குதிரைக் குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே வந்து சேர்வதில்லை. சீம்பால்தான் தர வேண்டும். அதையும் முதல் நாளுக்குள், அதிலும் முதல் சில மணி நேரத்துக்குள் குடித்தாக வேண்டும். இரண்டு மணி நேரம் ஆகியும் குட்டி குடிக்கவில்லை என்றாலோ, மூன்று மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை என்றாலோ உடனே மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

விடிந்ததும் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஏமாற்றம். வெள்ளைக் குதிரை போட்ட குட்டி செவலையாக இருந்தது. அப்பாவின் முகமும் சுருங்கிப்போனது. அப்பாருதான் என்னைப் பார்த்துக் கேட்டார்: "கண்ணு, நம் மயிலைப் பசு போடும் கன்று என்ன நிறத்தில் பிறக்கிறது?" காங்கயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் மயிலையாக, அதாவது சாம்பல் கலந்த வெள்ளையாக நிறம் மாறுவதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். அன்று அது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

மருத்துவர் இன்னும் தெளிவாக விளக்கினார். நுக்ரா என்று வியாபாரிகள் சொல்லும் குதிரைக்குத் தோலே இளஞ்சிவப்பு; அது வெள்ளையாகவே பிறக்கும். கறுத்த தோலும் வெள்ளை மயிருமாக இருக்கும் வெள்ளச்சி போன்றவை அடர்ந்த நிறத்தில் பிறந்து வருடக்கணக்கில் வெளுப்பவை. குட்டிக்கும் அந்தக் குணம் வந்தே தீரும் என்பதில்லை. கண்ணைச் சுற்றி நரை தெரிகிறதா என்று பாருங்கள் என்றார்.

தாய்கள் இருவரும் ஒரே மாதிரி இல்லை. வெள்ளச்சி முதல் வாரம் முழுக்க எங்களுக்கும் குட்டிக்கும் நடுவில் சுவர்போல நின்றாள். பவளமோ மூன்றாம் நாளே தன் ஆண்குட்டியை எங்கள் கைக்கு வர விட்டாள். அவள் எங்களைப் பார்த்து மிரளாததால் குட்டியும் மிரளவில்லை. நாங்கள் வெல்லத்தைக் காட்டிப் பழக்கியதைவிடத் தாய் நின்ற நிலையே குட்டிக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

புல் மேய்வதற்கும் குட்டிகள் பாடுபட்டன. கால் நீளம், கழுத்து எட்டாது. முன்னங்கால்களை அகட்டி வைத்துக் குனிந்தால்தான் வாய் தரையைத் தொடும். தாயின் சாணத்தைத் தின்பதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்து அக்கா பயந்துவிட்டார். புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அப்படித்தான் குடலுக்குள் போகின்றனவாம். வெள்ளச்சியின் குட்டி பவளத்தின் முன்னே போகும்போதெல்லாம் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும். 'நான் சின்னவள், அடிக்காதே' என்று பெரியவர்களிடம் சொல்லும் முறை அது. அதைப் பார்ப்பதற்கென்றே மாலையில் படலோரம் போய் உட்கார்ந்துகொள்வேன்.

மூன்றரை மாதத்தில் பவளத்தின் குட்டியை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டோம். செய்திருக்கக் கூடாது. பவளம் வேலியோரமாக ஓடி ஓடிப் புல்லெல்லாம் மிதிபட்டுப் பாதையே விழுந்துவிட்டது. மடி கட்டிக் கல்லாகிவிட்டது. வேகவைத்த கொள்ளைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வாங்கியவரே பேசினார். குட்டி தீனி எடுக்கவில்லையாம். அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல் பணத்தை எடுத்துக்கொண்டு வண்டியோடு போனார். திரும்பி வரும்போது, எங்கள் தடத்துக்கு வண்டி திரும்பியதுமே உள்ளிருந்து குட்டி கனைத்தது. கட்டுத்தரையிலிருந்து பவளம் பதில் கொடுத்தாள்.

ஆறு மாதம் முடிந்த பிறகே இரண்டையும் பால் மறக்க வைத்தோம். அப்போதும் தூரமாகக் கொண்டுபோகவில்லை. நடுவில் மூங்கில் படல் ஒன்று. இந்தப் பக்கம் தாய்கள், அந்தப் பக்கம் குட்டிகள் இரண்டும் ஒன்றாக. முதல் நாள் மாறி மாறிக் கத்தின. மூன்றாம் நாள் சத்தம் பாதியாகக் குறைந்தது. அந்த வாரக் கடைசியில் படலுக்கு மேலே கழுத்தை நீட்டி வெள்ளச்சி தன் குட்டியின் பிடரியைப் பல்லால் கோதிக்கொண்டிருந்தாள். இரண்டும் தீனிக்குப் போகும் நேரத்தில் தானாகப் பிரிந்து போயின.

குட்டிக்கு இப்போது எட்டு மாதம். பிறந்த மயிர் உதிர்ந்து கண்ணைச் சுற்றி வெளுத்த வளையம் விழுந்திருக்கிறது. அப்பாருக்குப் பார்வை மங்கிவிட்டதால் காலையில் என்னைத்தான் கேட்கிறார், நரை மூக்குவரைக்கும் இறங்கிவிட்டதா என்று.