உரிமம் வந்தாச்சு: நேராக ஐசியுவா, முதலில் வார்டா?

புதுப்பதிவு

நர்ஸ் பதிவு எண் கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஒரே மருத்துவமனையில் இரண்டு இடம் காலி, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்கிறார்கள். ஒன்று பொது மருத்துவ வார்டு. 3 வாரம் என்கூட ஒருவர் இருப்பார், அப்புறம் தனியாகப் பார்க்க வேண்டும். இன்னொன்று ஐசியு. அங்கே 12 வாரம் பயிற்சி.

சீனியர்கள் எல்லோரும் "முதல் ஒரு வருடம் வார்டு, அப்புறம்தான் மற்றதெல்லாம்" என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் "அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஐசியு பிடிக்கும். பயமாகவும் இருக்கிறது. மாணவியாக இருந்தவரை நான் சார்ட்டில் எதை எழுதினாலும் பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்துப் போடுவார். நேற்று சும்மா ஒரு தாளில் என் பெயரை எழுதி, கீழே பதிவு எண்ணையும் எழுதிப் பார்த்தேன். கை வியர்த்துவிட்டது. சிரிக்காதீர்கள்.

முப்பதுபடுக்கை

சிரிக்கவில்லை தங்கச்சி. 22 வருடத்துக்கு முன்னால் நானும் எழுதிப் பார்த்தவள்தான்.

வார்டுக்குப் போ. காரணத்தோடு சொல்கிறேன். ஐசியுவில் மானிட்டர் கத்தும், நீ ஓடுவாய். வார்டில் கத்துவதற்கு ஒன்றும் கிடையாது, உன் கண்ணும் காதும்தான். வயிற்று அறுவை முடிந்து மூன்றாம் நாள் ஒருவர். பிபி 118/70, காய்ச்சல் இல்லை, சார்ட்டைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மனிதர் போர்வையை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தார். "என்னமோ மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றார், அவ்வளவுதான். நாடி பிடிப்பதுபோல அவர் கையை அவர் நெஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டு முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன். 26. சார்ட்டில் இருந்தது 18. டாக்டரைக் கூப்பிட்டேன். குடல் தையல் கசிந்திருந்தது, அன்று இரவே திரும்ப அறுவை.

மூச்சின் எண்ணிக்கைதான் பெரும்பாலும் முதலில் மாறும், பிபி விழுவது கடைசியில். புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் அந்த "என்னமோ மாதிரி"யைக் காதில் வாங்கிப் பழக வார்டுதான் இடம். பேச முடிகிற நோயாளியிடம் முதலில் கற்றுக்கொள்.

மானிட்டர்சத்தம்

அக்கா, நல்ல கதை. ஒரு கேள்வி. அந்த 18ஐ எழுதியது யார்?

நான் படிப்பு முடித்ததும் நேராக ஐசியு. எல்லோரும் பயமுறுத்தினார்கள். அங்கே எனக்கு ஒரு நோயாளி, அதிகம் போனால் இரண்டு. தலையைத் திருப்பினால் அனுபவசாலி ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில். என் கூடப் படித்தவள் வார்டுக்குப் போனாள், இரண்டாவது மாதமே இரவில் 14 பேர். அவள் என்ன கற்றுக்கொண்டாள் தெரியுமா? ஓடக் கற்றுக்கொண்டாள்.

மானிட்டர் கத்தினால் ஓடுவோம் என்பதெல்லாம் தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் சொல்வது. பிபியைத் தூக்கிப் பிடிக்கிற நார்அட்ரீனலின் ஓடுகிற நோயாளிக்கு ஊசிக்குழல் மாற்ற வேண்டும். அந்த மருந்து ரத்தத்தில் தாக்குப்பிடிப்பது ஓரிரு நிமிடம்தான். பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை மாட்டலாம் என்று நினைத்தால் அதற்குள் பிபி பாதியாகிவிடும். அதனால் புதியதை இன்னொரு பம்பில் முன்கூட்டியே ஓடவிட்டு, பிபி ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழையதைக் குறைப்போம். முதல் தடவை என் பிரசெப்டர், அதாவது கூட நின்று சொல்லிக்கொடுக்கும் மூத்த நர்ஸ், என் கைமேல் கை வைத்திருந்தார். மூன்றாவது தடவை கையை எடுத்துவிட்டார், கண்ணை எடுக்கவில்லை. வார்டில் புது ஆளுக்கு இப்படி யார் நின்று சொல்லிக்கொடுக்கிறார்கள்?

முப்பதுபடுக்கை

18 எழுதியது எங்கள் புதுப்பெண். சேர்ந்து ஆறு வாரம். எண்ணாமல் எழுதியிருந்தாள். அவளைத் திட்டிவிட்டு அப்புறம் அவளுடைய தாளைப் பார்த்தேன். நாலாக மடித்த ஹேண்ட்ஓவர் தாள் (ஷிப்ட் மாறும்போது குறிப்பெடுப்பது), ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் 6, 8, 10 என்று மருந்து நேரம், முடித்ததற்கு டிக். அன்று அவளுக்கு 13 பேர். டிக் போடாத கட்டமே இல்லை. எல்லாம் செய்திருக்கிறாள், யாரையும் பார்க்கவில்லை.

மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் இது வார்டின் குற்றமா, ஆள் போடாதவர்களின் குற்றமா?

மானிட்டர்சத்தம்

யார் குற்றமாக இருந்தாலும் கையெழுத்து அந்தப் பெண்ணுடையது அக்கா.

சாக்பீஸ்

நான் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், வார்டிலும் ஏழு வருடம் இருந்திருக்கிறேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் ஆராய்ச்சிப் பக்கமும் பார்ப்போம்.

படிப்பு முடித்து வேலையில் சேரும்போது வரும் அதிர்ச்சிக்கு 1974லேயே மார்லின் கிராமர் 'ரியாலிட்டி ஷாக்' என்று பெயர் வைத்துவிட்டார். பள்ளியில் "இப்படித்தான் செய்ய வேண்டும்" என்று கற்றது ஒன்று, வேலையில் "இவ்வளவுதான் நேரம்" என்பது இன்னொன்று, அந்த இடைவெளி. அதற்குப் பிறகு ஜூடி டக்ஷர் முதல் 12 மாதத்தை மூன்று கட்டமாகப் பிரித்தார். முதல் மூன்று நான்கு மாதம் வெறும் 'செய்தல்'. அந்த டிக் போட்ட தாள் அதுதான். அந்தப் பெண் சோம்பேறி இல்லை, அந்தக் கட்டத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான்.

அப்புறம் பாட்ரிசியா பென்னர், 1984. கற்றுக்குட்டியிலிருந்து நிபுணர் வரை ஐந்து படி. எல்லோரும் அந்த ஐந்தை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடுகிறார்கள், அதிலுள்ள ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள். அனுபவசாலியே ஆனாலும் பழக்கமில்லாத பிரிவுக்குப் போனால் திரும்பக் கற்றுக்குட்டிதான். அப்படிப் பார்த்தால் ஒரு வருடம் வார்டில் இருந்துவிட்டு ஐசியுவுக்குப் போகிறவரும் அங்கே பெரும்பாலும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முப்பதுபடுக்கை

பெரும்பாலும் என்றால் சரி, முழுக்க இல்லை மேடம். நாலு வேலை ஒரே நேரத்தில் வந்தால் எதை முதலில் எடுப்பது என்பது எந்தப் பிரிவுக்குப் போனாலும் கூடவே வரும். சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது, ஐந்தாம் படுக்கைக்கு இன்சுலின் போடவில்லை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் வந்து ஸ்ட்ரெச்சரோடு நிற்கிறார். ஒன்பதில் டிரிப்ஸ் நின்றுவிட்டது. கவுண்டரில் ஒரு உறவினர் மேசையைத் தட்டுகிறார். 1000 மில்லியை 8 மணி நேரத்தில் ஏற்ற, மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 42 சொட்டு என்று மாணவி நொடியில் கணக்குப் போட்டுவிடுவாள். பரீட்சையில் நோயாளி கையை மடக்கிக்கொள்ள மாட்டார். இங்கே மடக்குவார், சொட்டு நின்றுவிடும், போய் நீட்டிவிட்டு வந்தால் திரும்பவும் மடக்குவார்.

நடுராத்திரி

ஹா ஹா, ஒன்பதாம் படுக்கை எல்லா வார்டிலும் இருக்கிறார் போலிருக்கிறது.

நான் ஆண் நர்ஸ், எட்டு வருடம், அதில் பாதிக்கு மேல் இரவு. இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன். இந்தச் சண்டையே இடத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு போகிறது. ராத்திரி 3 மணிக்கு யாரைக் கேட்கலாம் என்பதுதான் கேள்வி.

எனக்கு முதல் வருடத்தில் நோயைவிடப் பெரிய பயம் ஃபோன். டியூட்டி டாக்டரை எழுப்ப வேண்டும். ஒரு தடவை கூப்பிட்டு, "சார், அந்த நாலாம் படுக்கை கொஞ்சம் சரியில்லை" என்றேன். "சரியில்லை என்றால்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. "காலையில் பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். பக்கத்திலிருந்த இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு துண்டுத் தாளில் நாலு வரி எழுதச் சொன்னார். இப்போது என்ன நடக்கிறது, இவர் யார், எதற்காகச் சேர்ந்தார், நீ என்ன நினைக்கிறாய், உனக்கு டாக்டரிடமிருந்து என்ன வேண்டும். அதைப் பார்த்துத் திரும்பக் கூப்பிட்டுப் படித்தேன். "மூச்சு 28, ஆக்ஸிஜன் 91, நிமோனியாவுக்குச் சேர்ந்தவர், மோசமாகிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன், இப்போதே வந்து பாருங்கள்." பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். எஸ்பார் (SBAR) என்று பாடத்தில் படித்த அதே முறைதான். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது என்றுகூடப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்தத் துண்டுத் தாள் நீட்டப்படும்வரை அது என் கைக்கு வரவில்லை.

அந்த சிஸ்டர் அன்று இருந்தார், அதனால் பிழைத்தேன். அது வார்டா ஐசியுவா என்பது இப்போது எனக்கு முக்கியமாகவே தெரியவில்லை.

மானிட்டர்சத்தம்

தம்பி, நீங்கள் எனக்காகத்தான் வாதாடுகிறீர்கள். கேட்க ஆள் இருக்கும் இடம் ஐசியு. பன்னிரண்டு வாரம், மூன்று வாரம். கணக்கு தெளிவாகத்தானே இருக்கிறது?

ஆறாவதுமாதம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்தக் கணக்குக்காக எழுதுகிறேன்.

எனக்கும் ஐசியு, எனக்கும் 12 வாரம் என்றுதான் சொன்னார்கள். ஐந்தாம் வாரம் இரண்டு பேர் வேலையை விட்டார்கள். "நீதான் நன்றாகச் செய்கிறாயே" என்று தோளைத் தட்டி வென்டிலேட்டரில் இருந்த ஒருவரை என்னிடம் விட்டார்கள். பாராட்டு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அதுவரைக்குமே எனக்கு நான்கு பிரசெப்டர்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் தப்பு என்பார். ஒருவர் சளி உறிஞ்சுவதற்கு முன் ஆக்ஸிஜனை ஏற்றச் சொன்னார், இன்னொருவர் "அதற்கெல்லாம் எங்கே நேரம்" என்றார். எதைக் கேட்டாலும் "இன்னும் இது தெரியாதா?" அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டேன்.

ஒரு நாள் பொட்டாசியம் டிரிப்ஸின் வேகத்தைத் தப்பாகப் போட்டுவிட்டேன். 10 என்பதற்குப் பதில் 100. பொட்டாசியம் வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும் என்று தெரியாத நர்ஸ் உண்டா? பம்ப் எச்சரித்தது, பார்த்தேன், நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை. எச்சரிக்காத பம்பாக இருந்திருந்தால்? அன்று டியூட்டி முடிந்து உடை மாற்றும் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவை சொல்கிறேன்.

இப்போது வார்டில் இருக்கிறேன். நோயாளிகள் அதிகம், கால் வலிக்கிறது, ஆனால் ஒரே அக்கா, ஒரே ஷிப்ட். முட்டாள்தனமான கேள்வி கேட்டால் பதிலைச் சொல்லிவிட்டு அப்புறம் சிரிப்பார்.

சாக்பீஸ்

சொன்னதற்கு நன்றி அம்மா. ஒன்று சொல்லட்டுமா, முடிந்தால் அதை இப்போதாவது முறைப்படி எழுதிக்கொடு. ஆள் சேதம் இல்லாமல் தப்பிய தவறுகளைப் பதிவு செய்தால்தான் அந்த பம்பில் வேக உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா என்று யாராவது போய்ப் பார்ப்பார்கள். (என் மாணவிகள் தப்பிய தவறு ஒன்றை எழுதிக்கொண்டு வந்தால் மதிப்பெண் கொடுக்கிறேன். சக ஆசிரியர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை.)

மானிட்டர்சத்தம்

ஐந்தாம் வாரத்தில் தனியாக விட்டது அநியாயம். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அது ஒரு ஐசியுவின் கதை. அதை வைத்துப் பொதுவாகப் பேச முடியுமா?

முப்பதுபடுக்கை

14 பேர் பார்த்த உன் தோழியின் கதையை வைத்து நீ பேசினாயே அம்மா, அது ஒரு வார்டின் கதைதானே?

மானிட்டர்சத்தம்

சரி அக்கா, அது உங்களுக்கு ஒரு புள்ளி.

நடுராத்திரி

புதுப்பதிவு, எங்கே காணோம்? இரண்டு இடத்துக்கும் நேரில் போய்க் கேளுங்கள். என்னோடு நிற்பவர் ஒருவரா, மாறி மாறி வருவாரா? என்னோடு இருக்கும்போது அவருக்குத் தனியாக நோயாளிகளைப் போடுவீர்களா? போன வருடம் சேர்ந்த புதியவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? இரவில் எத்தனை மூத்தவர்கள்? கடைசிக் கேள்விக்கு இன்சார்ஜ் கொடுக்கும் பதிலைவிட, பதில் சொல்வதற்கு முன் அவர் யார் முகத்தைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள்.

புதுப்பதிவு

மன்னிக்கவும், நேற்று நேரிலேயே போய்விட்டேன், அதனால்தான் வரவில்லை.

ஐசியுவில் 12 வாரம் என்பது காகிதத்தில் இருக்கிறது. "யார் டியூட்டியில் இருக்கிறாரோ அவரோடு நிற்கலாம்" என்றார்கள். போன வருடம் சேர்ந்தவர்களைப் பற்றிக் கேட்டேன், பேச்சு மாறிவிட்டது. வார்டில் இன்சார்ஜ் சிஸ்டர் ஒரு அக்காவைக் கூப்பிட்டு, "உன் கூடத்தான் இவள்" என்று காட்டினார். 3 வாரம் போதாது என்று தோன்றினால் 6 வரை நீட்டலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த அக்காவுக்கு அன்று 11 பேர் என்பதையும் பார்த்தேன், அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

வார்டுக்குப் போகிறேன். "முதல் ஒரு வருடம் வார்டு" என்பதற்காக இல்லை.

மானிட்டர்சத்தம்

இந்த இரண்டு இடத்தில் இது சரியான முடிவுதான். பொதுவாக நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒழுங்காக நடத்துகிற ஐசியு கிடைத்தால் யோசிக்காமல் போயிருக்க வேண்டும் என்பேன். வருடம் கழித்து வருவீர்கள், பார்க்கலாம்.

முப்பதுபடுக்கை

எதற்காகப் போனாலும் சரி. பேனா இரண்டு வைத்துக்கொள், ஒன்றை டாக்டர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

புதுப்பதிவு

சரி அக்கா. கைக்கடிகாரம் டிஜிட்டல் போதுமா, முள் வேண்டுமா?

முப்பதுபடுக்கை

செகண்ட் முள் இருக்கிற மாதிரி வாங்கு. மூச்சு எண்ணும்போது பாதியில் நிறுத்தி இரண்டால் பெருக்காதே, முழு நிமிடம்.