மும்பையில் கேட்வே, மரீன் டிரைவ் தவிர வேறு எங்கே சுற்றலாம்?

திருச்சிக்காரன்: அடுத்த மாதம் வேலை விஷயமாக மும்பை போகிறேன், கூடவே இரண்டு நாள் சும்மா சுற்ற நேரம் கிடைக்கும். கேட்வே, மரீன் டிரைவ், எலிஃபெண்டா குகைகள் எல்லாம் போன தடவையே பார்த்தாச்சு. வேறு ஏதாவது சொல்லுங்களேன்.

தாதர்வாசி: விடிகாலை 5 மணிக்கு கொலாபாவில் இருக்கும் சசூன் டாக் போய்விடுங்கள். 1875இல் திறந்த மீன்பிடித் துறைமுகம், கோலி என்கிற மீனவ சமூகப் பெண்கள் தரையில் உட்கார்ந்து இறால் உரிக்கிற வேகத்தைப் பார்க்கவே போகலாம். நல்ல ஷூ வேண்டாம், எனக்கு அந்த வாடை போக ஒரு வாரம் ஆனது. போட்டோவுக்குத் தடை, போனைப் பையிலேயே வையுங்கள். அப்புறம் மலபார் ஹில்லில் பாணகங்கா குளம். சுற்றிலும் அடுக்குமாடிகள், நடுவில் கல்படிகளும் வாத்துகளும், கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் நல்ல தண்ணீர்தான், ஊற்று.

நடைராசா: கன்ஹேரியை விட்டுட்டீங்களே! போரிவலி தேசியப் பூங்காவுக்குள் 100க்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். பாறையில் வெட்டிய மழைநீர்த் தொட்டிகளைக் கவனியுங்கள், எலிஃபெண்டாவை விட எனக்கு இதுதான் பிடித்தது. திங்கள்கிழமை விடுமுறை, நான் கேட் வரை போய்த் திரும்பியவன்.

திருச்சிக்காரன்: சரி, சாப்பாடு?

தாதர்வாசி: தென்னிந்தியர்கள் நிறைந்த மாட்டுங்காதான். ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் மல்லிகைச் சரம், வாழை இலை, ஃபில்டர் காபி. ஞாயிறு காலை என்றால் இட்லிக்கு வரிசையில் நிற்கணும்.