மீட்டர் ரீடிங்கில் இரண்டு சந்தேகம்

வணக்கம். எங்கள் டிஜிட்டல் கரண்ட் மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடுகின்றன. கேடபிள்யூஎச் (kWh, அதாவது யூனிட்) என்று வருவதைத்தானே குறிக்க வேண்டும்? போன கணக்கெடுப்பில் 6412, இன்று 6868. ஆக 456 யூனிட். கணக்கெடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் விலை கூடிவிடுமாமே, சரியா? (ஏசியை இப்போதே நிறுத்தியாச்சு!)

அப்புறம், தண்ணீர் மீட்டர். கறுப்பு எண் கன மீட்டர், அதாவது 1000 லிட்டர், அது புரிகிறது. ஆனால் எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் அந்தக் குட்டிச் சக்கரம் மெல்லச் சுற்றுகிறது. ஃப்ளஷ் டேங்க் ஒழுக்கா, சுவருக்குள் கசிவா? பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன் நாமே கண்டுபிடிக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.